பட்டியலிலிருந்து ஆள் வரும்வரை

திருவனந்தபுரம்,
தலைமைச் செயலகத்துக்கு எதிரில், மூன்றாவது பந்தல்.
8 மே 2023

அன்புள்ள அச்சனுக்கு,

மகள் வாலண்டினா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் முட்டி போட்டுத் தார்ச்சாலையில் நகர்ந்தவர்களில் இடமிருந்து நான்காவது ஆள் என்று சொன்னால் அடையாளம் தெரியும்.

பதினோரு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முறை எடுத்து, “கிளைச் செயலாளர் வெளியில போயிருக்கார்” என்று உங்கள் குரலிலேயே சொன்னீர்கள். அதனால்தான் கடிதம். போனைப் பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தை எங்கே வைத்தாலும் மிச்சம் அதற்குள்ளேயே இருக்கும்.

நான் எதற்காக முட்டி போட்டேன் என்பதை நீங்கள் வாசகசாலையில் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட என்னிடமே கேட்டுக்கொள்ளலாம். மலையோர விளைபொருள் வாரியத்தின் எழுத்தர் தேர்வில் நான் தேறியது உங்களுக்குத் தெரியும். ஊருக்கே லட்டு கொடுத்தீர்கள். அந்தப் பட்டியலின் ஆயுள் மூன்று வருடம். வருகிற ஆகஸ்ட் 4 மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. என் வரிசை எண் 214. இதுவரை 211 பேரை அழைத்திருக்கிறார்கள். வாரியம் தன்னிடமுள்ள இன்னும் மூன்று காலியிடங்களைத் தேர்வாணையத்துக்கு எழுதிக் கொடுத்தால் எனக்கு வேலை. எழுதிக் கொடுக்காவிட்டால் பட்டியல் செத்துப்போகும். அடுத்த தேர்வு வரும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். விஷயம் இவ்வளவுதான். இதில் ஏகாதிபத்தியம் எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

முழக்கத்தில் உங்கள் கட்சி முதலமைச்சரின் பெயர் வந்தது உண்மை. எழுதியது நானில்லை. ஆனால் எதுகை நன்றாக விழுந்திருந்தது. கத்திவிட்டேன்.

வானத்துக்குப் போன முதல் பெண்ணின் பெயரை எனக்கு வைத்தீர்கள். நான் கேட்பது ஓர் அலுவலகத்தின் முதல் மாடி.

அம்மாவிடம் முட்டியில் காயம் இல்லை என்று சொல்லுங்கள்.

மகள்
டீனா


கரிம்பாறை,
13 மே 2023

அன்புள்ள மோளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பரிசீலித்தேன். வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

உலக நிலைமை: மோசம்.

நாட்டு நிலைமை: அதைவிட மோசம். வேலையில்லாத் திண்டாட்டத்துக்குக் காரணம் டெல்லி. மாநிலத்துக்கு வரவேண்டியதை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆள் எடுக்கவில்லை என்று நம்மையே குறை சொல்கிறார்கள். இதைப் பற்றி நான் பதினான்கு இடங்களில் பேசியிருக்கிறேன். நீயே நான்கு இடங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய்.

ஊர் நிலைமை: தியாகி குமாரன் நினைவு நிழற்குடைக்குப் புது ஓடு போட்டோம். ஞாயிறு மாலை வாசகசாலையில் பதினேழு தோழர்கள் இருந்தபோது செய்தி ஓடியது. தையல்கடை பவித்ரன் எழுந்து டிவி பக்கத்தில் போய்ப் பார்த்தான்.

“நாணுவேட்டா, இது நம்ம டீனா மாதிரி இல்ல?”

“மாதிரிதான்” என்றேன்.

“மாதிரின்னா... அவளேதானே?”

“மாதிரிங்கறேன், ஒக்காரு.”

நாற்பத்தாறு வருடக் கட்சி வாழ்க்கையில் இது என் இரண்டாவது பொய். முதலாவது போலீஸிடம் சொன்னது. அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

வீட்டு நிலைமை: உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. உன் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது மட்டும் வாயைத் திறந்தாள். “நாப்பத்தாறு வருஷமா நீங்களும் முட்டியிலதான் போறீங்க. அவ போனா மட்டும் வெக்கமா?” இது அரசியல் தெளிவில்லாத பேச்சு.

மேல் கமிட்டி என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறது. என் மகள் தவறான வழிகாட்டுதலுக்கு ஆளாகியிருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தேன். யார் வழிகாட்டியது என்று திரும்பக் கேட்டிருக்கிறார்கள். உனக்குப் படிப்பறிவும் வாசிப்பும் கொடுத்தது நான்தான் என்பதால் அந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது.

வீட்டுக்கு வா. அரசு உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பார்த்துவருகிறது.

நாணு


மூன்றாவது பந்தல்,
2 ஜூன் 2023

அன்புள்ள அச்சனுக்கு,

அரசு எங்களைக் கவனமாகப் பார்த்துவருவது உண்மை. தலைமைச் செயலகத்தின் மாடி ஜன்னலிலிருந்து இரண்டு பேர் தினமும் டீ குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள்.

உங்கள் கடிதம் இரண்டு நாள் தாமதமாக வந்தது. தபால்காரர் முதலில் போலீஸ் பட்டியல் பந்தலுக்குப் போயிருக்கிறார். அவர்கள் நர்ஸ் பட்டியலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். “எந்தப் பட்டியல்னு மேல எழுதச் சொல்லும்மா, எல்லாரும் பட்டினியாவே இருந்தா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?” என்றார். இனிமேல் எழுதுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். முட்டி போட்டு நகர்ந்தால் ஒருநாள்தான் செய்தி. மறுநாளும் நகர்ந்தால் கேமராக்காரர்கள் “இது போன தடவையே வந்துடுச்சே” என்கிறார்கள். அதனால் எங்கள் சங்கச் செயலாளர் ஷைனி ஒரு கால அட்டவணை போட்டிருக்கிறாள். திங்கள் ஒற்றைக்காலில் நிற்பது. செவ்வாய் சாலையில் உருள்வது. புதன் புல் தின்பது. புல் மோசமில்லை, உப்புதான் குறைவு. வியாழன் எங்கள் சான்றிதழ்களுக்கு இறுதி ஊர்வலம். என் பட்டத்தை நானே தோளில் சுமந்தேன். கனமே இல்லை அச்சா.

ஷைனியின் எண் 219. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். “நீ உள்ள போனா கதவ கால்ல முட்டுக் குடுத்து வெச்சுக்கடி, நாங்க அஞ்சு பேரும் நுழைஞ்சுக்கறோம்” என்பாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சிபாரிசு இல்லை. நம் மாவட்ட வாரிய அலுவலகத்தில் எழுத்தர் இடம் ஏதாவது மேலே தெரிவிக்கப்படாமல் இருக்கிறதா? எத்தனை? அங்கே உங்களுக்குத் தெரிந்த தோழர்கள் உண்டு. எண்ணிக்கை மட்டும் போதும். மிச்சத்தை நாங்கள் முட்டியால் பார்த்துக்கொள்கிறோம்.

டீனா


கரிம்பாறை,
9 ஜூன் 2023

அன்புள்ள மோளுக்கு,

நீ கேட்டதை மூன்று நாள் யோசித்தேன்.

கட்சி வேலைவாய்ப்பு அலுவலகம் இல்லை. என் வீட்டு ஆள் ஒருவருக்காக இன்றுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. உன் அம்மாவின் தம்பி கூட்டுறவு வங்கியில் காவல்காரர் வேலைக்குக் கேட்டபோதும் மாட்டேன் என்றேன். அவன் துபாய்க்குப் போனான், எனக்கு இன்னும் சட்டைத்துணி அனுப்புகிறான், அதில் ஒன்றைக்கூட நான் தைத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் எண்ணிக்கை என்பது தகவல்தான் என்று எனக்கே ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டு, மேல் கமிட்டிச் செயலாளரைக் கேட்டேன். “தோழர், ஒரு இடம்கூட இல்ல. எல்லாம் தெரிவிச்சாச்சு. இருக்குங்கறது பத்திரிகைக்காரன் கட்டிவிட்ட கதை” என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆகவே காரணம் டெல்லி என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை.

அம்மா நேந்திரங்காய் வறுவலும் மாங்காய் ஊறுகாயும் அனுப்பியிருக்கிறாள். ரிஜேஷ்தான் பார்சல் கட்டினான். வாரத்துக்கு ஒருமுறை வருகிறான், தேங்காய் பறிக்க ஆள் பிடித்துக் கொடுக்கிறான், குமாரனுடைய மகன் என்பது அவன் நடையிலேயே தெரியும். இப்போது இரண்டாவது குழந்தையும் பிறந்துவிட்டது. அவனுக்கும் தற்காலிக வேலைதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயிர் போய் உயிர் வருகிறது. “டீனேச்சிக்குக் கெடச்சிடும் நாணுவேட்டா, அவங்க படிச்ச படிப்புக்கு” என்று உன்னை விசாரித்தான்.

புல்லைக் கழுவித் தின்.

நாணு


மூன்றாவது பந்தல் (விளைபொருள் வாரியப் பட்டியல்),
4 ஜூலை 2023

அன்புள்ள அச்சனுக்கு,

நல்ல செய்தி. இல்லவே இல்லை என்று உங்கள் செயலாளர் சொன்ன காலியிடங்களில் இரண்டு நேற்று முளைத்துவிட்டன. கோட்டயத்தில் ஒன்று, பாலக்காட்டில் ஒன்று. 212ஐயும் 213ஐயும் அழைத்துவிட்டார்கள். 213 பந்தலிலேயே மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் முதல் காரியமாக எங்களைப் பார்த்து “அரசாங்கத்த ரொம்பவும் திட்டாதீங்க” என்றான். அரசு ஊழியராகி நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது அடுத்த ஆள் நான்.

வாரியத்தின் எல்லா மாவட்ட அலுவலகங்களுக்கும் தகவல் அறியும் உரிமையில் மனு போட்டிருக்கிறோம். மாவட்டத்துக்கு ஒருவர் பெயரில். நம் மாவட்டத்துக்கு என் பெயர். எங்கள் வக்கீல் சொல்கிறார்: ஓர் அலுவலகத்தில் இடம் காலியாக இருந்தது, அதை மறைத்தார்கள் என்று காட்டும் ஒரே ஒரு தாள் போதும், தீர்ப்பாயம் பட்டியலைச் சாகவிடாமல் நிறுத்தி வைக்கும். எனக்கு மட்டுமல்ல, பின்னால் நிற்கிற எல்லாருக்கும். ஒரு தாள்.

இதற்கிடையில் நேற்று மொட்டை அடித்துக்கொண்டோம். ஆறு பெண்கள். ஷைனிதான் எனக்குச் சிரைத்தாள். கத்தி காதுப்பக்கம் இரண்டு முறை வழுக்கியது. “ஏய், காதை விட்டுடு, கேள்வி கேக்கறப்போ தேவைப்படும்” என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள். கேமராக்காரர்கள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா “பொண்ணு பட்டியல்ல இருக்கா” என்று பெருமையாகச் சொன்னதும், அந்தப் பையனின் அம்மா “எப்ப வெளிய வருவா?” என்று கேட்டதும் நினைவிருக்கிறதா? ஆகஸ்ட் 4 என்று இப்போது சொல்லலாம்.

டீனா


கரிம்பாறை,
12 ஜூலை 2023

அன்புள்ள மோளுக்கு,

இந்தமுறை உலக நிலைமையை எழுதவில்லை. பத்திரிகையில் இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். அந்தப் பகுதியை விட்டுவிட்டு வாசித்தேன். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மறுநாள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் அந்தப் படம். அதை மடித்து வைத்துவிட்டு, குளியலறை ஜன்னலில் இருந்த உன் சீப்பை எடுத்துத் துடைத்துத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். “எதுக்கு?” என்றேன். “இது இப்ப எதுக்கு வெளியில கெடக்கணும்?” என்றாள். அதன்பிறகு அன்று அடுப்பு எரியவில்லை. நான் கடையில் புட்டும் கடலையும் வாங்கி வந்தேன். அவள் சாப்பிட்டாள் என்று எழுதினால் மூன்றாவது பொய்யாகும்.

வாசகசாலையில் இப்போதெல்லாம் டிவிக்கு முதுகு காட்டி உட்காருகிறேன். செய்தி வரும்போது அவர்களே ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். குமாரனை வெட்டிய வாரத்தில்தான் கடைசியாக இப்படி என்னிடம் மரியாதையாக இருந்தார்கள்.

இருக்கிறதே இரண்டு இடம் என்று செயலாளரிடம் சொன்னேன். “கோட்டயம், பாலக்காடு. நம்ம மாவட்டத்துல இல்லன்னுதானே சொன்னேன்?” என்றார். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் நான் தலையாட்டினேன்.

உன் மூன்றாவது இடமும் எங்காவது இருக்கும். வரும். நம் அரசுதானே.

தலையில் வெயில் படாமல் பார்த்துக்கொள். ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன். சிவப்பு இல்லை, வெள்ளை. நீ எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அச்சன்


மூன்றாவது பந்தல் (விளைபொருள் வாரியப் பட்டியல்),
24 ஜூலை 2023

அச்சா,

நம் மாவட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஐந்து பக்கம். முதல் நான்கு பக்கங்களில் காலியிடம் இல்லை என்று நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது, கோப்பிலிருந்து யாரோ கவனிக்காமல் சேர்த்து நகலெடுத்துவிட்ட தாள். அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

“16 மார்ச் 2021. அன்புள்ள தோழருக்கு, இதைக் கொண்டுவரும் ரிஜேஷ் நமது தியாகி குமாரனின் ஒரே மகன். கஷ்டமான குடும்பம். உங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன். பட்டியலிலிருந்து ஆள் வரும்வரை இவனை அதில் தற்காலிகமாக உட்கார வைத்து உதவ வேண்டுகிறேன். தோழமையுடன், பி. வி. நாணு, கிளைச் செயலாளர், கரிம்பாறை.”

ஓரத்தில் அதிகாரியின் குறிப்பு: “காலியிடம் உண்டு. அமர்த்தலாம். மேலே தெரிவிக்க வேண்டாம்.”

கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு. உலகத்தில் அப்படிப் போடுவது நீங்கள் ஒருவர்தான். என் மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றிலும் அந்த இரண்டு கோடு இருக்கிறது.

பட்டியலிலிருந்து ஆள் வரும்வரை. அச்சா, அந்த ஆள் நான்தான்.

உங்களுக்கு அப்போது என் எண் தெரியும். வாசகசாலைச் சுவரில் கரியால் எழுதி வைத்தீர்கள். மூன்று மாதத்தில் நம் அரசு எல்லாரையும் அழைத்துவிடும் என்று நம்பித்தான் எழுதியிருப்பீர்கள். அது எனக்குப் புரிகிறது. புரிவதால் ஒன்றும் குறையவில்லை.

ஷைனிக்கு நான்கு பக்கங்களைத்தான் கொடுத்தேன்.

“மேல அஞ்சு பக்கம்னு போட்டிருக்கே?”

“தப்பா எண்ணியிருப்பாங்க.”

“இடத்த எண்றதுலதான் கொறைப்பாங்கன்னு பாத்தா, தாளையுமா?” என்று போய்விட்டாள்.

ரிஜேஷை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியை எனக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இப்படி எழுதத்தான் ஆசை. ஆனால் அது பொய். கேட்கிறேன். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக உங்களிடம் ஒரு சிபாரிசு கேட்கிறேன். அந்த இடம் காலி என்று வாரியம் ஒரு வரி எழுதவேண்டும். அதை எழுதவைக்க உங்களால் முடியும்.

பதினோரு நாள் இருக்கிறது.

டீனா


(தபால் அட்டை)

திருவனந்தபுரம்,
4 ஆகஸ்ட் 2023

அச்சா,

மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. இயற்கையான முடிவு என்று அமைச்சர் சொன்னார். டெல்லிதான் காரணம் என்றும் சொன்னார். டெல்லியிலிருந்து வந்த ஒருவர், மாநிலம்தான் காரணம் என்றார். இரண்டு பேரும் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

டீனா


கரிம்பாறை,
7 ஆகஸ்ட் 2023

மோளே,

பந்தல் இருக்காது என்பதால் இதை ஷைனியின் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். அந்த முகவரியை அட்டையின் பின்னால் நீ எழுதியிருந்ததை அம்மாதான் கவனித்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதம் 27ஆம் தேதி வந்தது. அன்று மாலை ரிஜேஷ் வந்தான். அவனிடம் மறைக்க முடியவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். தான் உட்கார்ந்திருப்பது மேலே தெரிவிக்காமல் மறைத்த பட்டியல் இடம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

“நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன் நாணுவேட்டா. எனக்கென்ன, ஆட்டோ ஓட்டிப் பொழச்சுக்குவேன்.”

“ஒங்கிட்ட ஆட்டோ ஏதுடா?”

“வாங்கிக்கலாம்.”

அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். “அவன் சொல்றதக் கேளுங்க” என்றாள்.

நான் சொன்னேன்: “கட்சி ஒக்கார வெச்ச எடம்டா. கட்சிதான் எழுப்பணும். நானே எழுதறேன், சிபாரிச வாபஸ் வாங்கறேன்னு. கமிட்டியில வெச்சு முறையா மேல போகட்டும்.”

“கமிட்டி எப்ப?”

“ஞாயித்துக்கெழம. அஞ்சு நாள் மிச்சம் இருக்குமே.”

அன்றே எழுதிவிட்டேன். மேல் கமிட்டி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டேன். வாரிய அலுவலகம் அதற்கு எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. சாலையைத் தாண்டினால் வாசற்படி. நான் தாண்டவில்லை. கமிட்டிக்கு முன்னால் ஒரு தாளை நான் எங்கேயும் கொண்டுபோனதில்லை. பழகவில்லை.

ஞாயிறு 30ஆம் தேதி கமிட்டி கூடவில்லை. அன்று வேலையில்லாத் திண்டாட்டத்தைக் கண்டித்து டெல்லிக்கு எதிராகப் பேரணி. கூட்டத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார்கள். நான் பேரணியில் பதாகையின் இடது முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த ஞாயிறு என்றால் ஆறாம் தேதி என்பது பாதி வழியில்தான் மண்டையில் ஏறியது. கம்பைக் கீழே போட முடியாது. பதாகை சாய்ந்துவிடும்.

வியாழக்கிழமை ரிஜேஷ் மறுபடி வந்தான். “நாளைக்குக் கடைசி நாளு. இப்பவாவது நான் போறேனே” என்றான். கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது என்றேன். அந்தச் சொல்லை அவனுடைய அப்பா எனக்குச் சொல்லித் தந்தான். உனக்கு இதை முழுதாகச் சொன்னதில்லை. அன்று குமாரனும் நானும் ஒரே கடையில் வாங்கிய நீலச் சட்டை போட்டிருந்தோம். வந்தவர்கள் நீலச் சட்டைக்காரன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்கள். அவர்கள் தேடி வந்த சட்டை என்னுடையது. அவனுடைய மகனுக்கு ஒரு நாற்காலி கேட்டது, எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நேற்று கமிட்டி கூடியது. ஏழாவது பொருள் என் கடிதம். பட்டியல் காலாவதியாகிவிட்டதால் விவாதிக்கத் தேவையில்லை என்று பதிவு செய்தார்கள். எட்டாவது, தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்க முடிவு செய்த அரசுக்குப் பாராட்டு. எல்லாரும் கை தூக்கினார்கள். என் கையும் போயிருந்தது. பாதியில் பார்த்துவிட்டேன். இறக்கினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அப்படியே வைத்திருந்தேன்.

அந்தப் பாராட்டில் ரிஜேஷ் சேரவில்லை. யாரையும் கேட்காமல் சனிக்கிழமை காலையிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது இடம் காலியாக இருக்கிறது. அழைப்பதற்குப் பட்டியல்தான் இல்லை.

உன் கடிதங்களை எல்லாம் நான் எழுந்து போனபிறகு அம்மா எடுத்துப் படித்து வந்திருக்கிறாள். நான் விட்டு வாசித்த இடங்களில் அவள் ஏன் தலையை நிமிர்த்துவாள் என்று இப்போது புரிகிறது. நேற்று ஒன்றுதான் சொன்னாள். “இவளுக்கு இத்தன கடுதாசி எழுதினீங்க. ரோட்டத் தாண்டி ஒண்ணு எழுதத் தெரியல.”

ஒன்று கேட்க வேண்டும். அந்த ஐந்தாவது தாளை நீ வக்கீலிடம் கொடுத்திருந்தால் பட்டியலை நிறுத்தி வைத்திருப்பார்களே. என் பெயர் இருந்தால் என்ன? ஏன் கொடுக்கவில்லை?

அச்சன்


திருவனந்தபுரம்,
22 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அச்சனுக்கு,

இதை வாசித்துக் காட்டவேண்டாம். அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.

நான் ஒரு பயிற்சி மையத்தில் வகுப்பு எடுக்கிறேன். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற அறுபது பிள்ளைகள். தேர்வு எழுதத்தான் வயது வரம்பு, கற்றுக் கொடுக்க இல்லை. முதல் நாள் ஒருத்தி கேட்டாள், “மிஸ், நீங்க ஏன் எழுதல?” எழுதினேன், தேறினேன் என்றேன். நான் தமாஷ் செய்கிறேன் என்று வகுப்பே சிரித்தது.

அந்தத் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். கொடுப்பதாகத்தான் இருந்தேன். இரண்டு முறை வக்கீல் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். தாளைக் கொடுத்தால் மறுநாளே எல்லாச் சேனல்களும் உங்கள் பெயரைப் படிக்கும். எப்படிப் படிப்பார்கள் என்று மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தேன். வாசகசாலையில் பதினேழு பேர் இருப்பார்கள். ஒலியைக் குறைக்க பவித்ரன் எழுந்திருப்பான். டிவிக்கு முதுகு காட்டி நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் சாலையைத் தாண்டவில்லை. நான் தெருமுனையைத் தாண்டவில்லை.

ஆனால் பட்டியல் என்னுடையது மட்டும் இல்லை. எனக்குப் பின்னால் ஐம்பத்து நான்கு பேர் இருந்தார்கள். கடைசி நாள் பந்தலைப் பிரிக்கும் முன் ஷைனி ஒரு முழக்கம் எழுதினாள். “எங்கள் வாழ்வைக் கெடுத்தது யார்?” என்று அவள் கேட்க நாங்கள் பதில் சொல்லவேண்டும். எல்லாரும் சொன்னார்கள். தொண்ணூறு நாளாகக் கத்திய அதே முதலமைச்சர் பெயர்தான் பதில், எனக்கும் மனப்பாடம். வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து அவள் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இப்போது அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். குழந்தை என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தாள் என் பையில், நுழைவுச்சீட்டு உறைக்குள் இருக்கிறது. என்றைக்காவது அவள் எதையோ தேடிக்கொண்டு அந்தப் பையைத் திறப்பாள்.

கிழித்துப் போடலாம். கீழே உங்கள் இரண்டு கோடு இருக்கிறது. முடியவில்லை.

ரிஜேஷிடம் சொல்லுங்கள், அவன் மேல் கோபம் இல்லை. உங்கள் மேல் இருக்கிறதா என்று கேட்டால், ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு வருகிறேன். சில நாள் இருக்கிறது.

ஓணத்துக்கு நான் வரவில்லை. இலை போடும்போது என் இடத்தில் போடாதீர்கள்.

முடி ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் சீப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் அம்மா. வெளியே எடுத்து வைத்தால் நீ வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாய்.

டீனா